கதிரையைப் பின்னால் பிடித்தவருக்கு

மலைச்சரிவுப் பகுதிப் பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் இளமை முதல் இன்றுவரை பணிபுரிந்து, இன்று மாலையோடு ஓய்வு பெறும் தலைமை லிகிதர், எங்கள் பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய திரு. க. பொன்னுத்துரை அவர்களுக்கு, அக்கந்தோரின் ஊழியர்கள் கண்டி நகரில் ஒன்றுகூடி, எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்.

எழுந்து நின்று என்று வாசித்ததும் உங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆகவே வாசிப்பவர் மட்டும் நிற்கிறார். மற்ற எல்லோரும் எங்கள் எங்கள் கதிரைகளில் இருக்கிறோம்.

அன்பார்ந்த ஐயா!

இம்மடலை எழுதும் பொறுப்பை இளநிலை லிகிதன் தனபாலனாகிய என்னிடம் விட்டார்கள். கல்லூரியில் படித்தவன் என்பது காரணம். அடைமொழி எழுத எனக்குக் கைவராது. கந்தோர்ப் பியோன் கறுப்பையா இரங்கி இரண்டு சொல்லித் தந்தார். ஒன்று கருணைக் கடல். மற்றது கல்விக் குன்று. சற்று நேரத்தில் திரும்பி வந்து, "கடல அடிச்சிருங்க. ஐயா கண்டிக்கு வந்து கடலப் பாத்தே எவ்வளவு காலமோ, சிரிப்பாரு. குன்று இருக்கட்டும், இங்க எந்தப் பக்கம் திரும்புனாலும் அதான நிக்குது" என்றார். இரண்டையும் விட்டுவிட்டேன். உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்கிறோம். பெரும்பாலும் 'நாங்கள்' என்றே எழுதியிருக்கிறேன். ஓரிடத்தில் அது 'நான்' ஆகும். அதற்கு உங்களிடமும் சபையிடமும் அனுமதி கேட்கிறேன்.

வெளியிலிருந்து வந்திருக்கும் அன்பர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைமை லிகிதரின் மேசைக்கு முன்னால் நிற்கும் கதிரை கந்தோரின் உடைமை அன்று. அது திரு. பொன்னுத்துரையின் சொந்தக் கதிரை. கைவைத்தது, பிரம்பு பின்னியது. அதன் இரண்டு கைகளிலும் கயிறு அறுத்த தடங்கள் உண்டு. சென்ற மாதம் தேநீர் வேளையில் ஐயா எங்களிடம் சொன்னார்: "பின்னால பிடிக்க ஒராள் வந்தால் கதிரை இஞ்சை நிக்கும். இல்லாட்டி என்னோட றெயில் ஏறும்." நாளைக் காலை அவர் யாழ்ப்பாணம் போகிறார். கதிரை போகிறதா நிற்கிறதா என்பதை இன்று, இந்த மடல் முடிவதற்குள், நாங்கள் சொல்லியாக வேண்டும்.

மலைப்பாதையில் நடந்தவரே!

நீங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் மாணவர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலையை மேற்கொண்டிருந்தார்கள். அம்பிட்டியவின் மேற்சரிவுகளுக்கு அன்றும் வண்டி ஏறாது, இன்றும் ஏறாது. அங்கே ஒருவர் நோயில் விழுந்தால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர ஒற்றையடிப் பாதைதான். கல்லூரி கழித்துப் போட்ட கதிரை ஒன்றை நீங்களும் உங்கள் வகுப்புத் தோழர் மடவளை ஹாஷிம் அவர்களும் கேட்டு வாங்கினீர்கள். இருபக்கமும் மூங்கில் தண்டுகளை வைத்துக் கயிற்றால் கட்டினீர்கள். முன்னால் ஒருவர் பிடிப்பார், பின்னால் ஒருவர் பிடிப்பார். மாற்றுக்கு இருவர் கூட நடப்பார்கள். இறங்கும்போது நோயாளி சறுக்கி விழாதிருக்க, அவரை மேட்டைப் பார்த்தபடி இருத்துவது வழக்கம். அதாவது, பின்னால் பிடிப்பவரின் முகத்தைப் பார்த்தபடி.

அதிலிருந்து உங்கள் குழுவின் விதிகள் பிறந்தன. நோயாளியும் வீட்டாரும் பதறிக்கொண்டு பேச வருவார்கள். முதலில் அவர்களை இருத்த வேண்டும், பிறகுதான் பேச்சு. பின்னால் பிடிப்பவர் வழி நெடுக நோயாளியோடு பேச வேண்டும். பள்ளத்தை நினைக்கவும் வலியை நினைக்கவும் அவருக்கு இடம் கொடுக்கக் கூடாது. வழியில் பேசியது வழியோடு. அதை எவரிடமும், நோயாளியின் வீட்டாரிடமும், திருப்பிச் சொல்லக் கூடாது.

முன்னால் பிடிப்பவருக்குப் பாரம், பின்னால் பிடிப்பவருக்குப் பேச்சு. இங்கே முன்வரிசையில் இருக்கும் ஹாஷிம் நானா எங்களிடம் சொல்வதுண்டு: "எனக்கு சுமக்க ஏலும், கதெக்க ஏலாது. பொன்னுத்துரைக்கு கதெக்க மட்டுந்தான் ஏலும். அதனாலதான் எங்கட கூட்டு இவ்வளவு காலம் ஈக்கிது."

கல்லூரி முடிந்தது. நீங்கள் கந்தோருக்கு வந்தீர்கள். ஹாஷிம் நானா மடவளையில் துணிக்கடை வைத்தார். உங்களோடு சுமந்த மற்றவர்கள் தங்கள் தங்கள் வழியே போனார்கள். கதிரை உங்களோடு வந்தது; ஞாயிற்றுக்கிழமைகளில் புதிய மாணவர்களோடு நீங்களும் ஹாஷிம் நானாவும் மலையேறுவதும் நிற்கவில்லை.

இருக்கச் சொன்னவரே!

எங்கள் கந்தோருக்கு வருவோர் இரண்டு வகை. பிள்ளை பிறந்ததைச் சொல்ல வருவோர் நின்றுகொண்டே சிரிப்பார்கள். மற்றவர்களுக்குக் கால் நிற்காது. அக்காலத்தில் எந்தக் கந்தோரிலும் பொதுமக்கள் நின்றுதான் பேச வேண்டும். நீங்கள் மட்டும் உங்கள் கதிரையை மேசைக்கு முன்னால் போட்டு, வந்தவர் வாய் திறக்குமுன், "முதல்ல இருங்கோ. பிறகு சொல்லுங்கோ" என்றீர்கள். தமிழருக்குத் தமிழில் சொன்னீர்கள், சிங்களவருக்குச் சிங்களத்தில் சொன்னீர்கள். எவருக்கும் எழுந்து நின்று நன்றி சொல்ல இடம் கொடுத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டில் மேலதிகாரியாக இருந்தவர் அதைக் கண்டார். பெயர் வேண்டாம். பொதுமக்களுக்குக் கதிரை போடுவது கந்தோர் ஒழுங்குக்கு முரண் என்று கட்டளை பிறந்தது. கதிரையைப் பின்னறையில் கொண்டுபோய் வைத்தீர்கள். திரும்பி வந்து, நீங்கள் இருந்து எழுதும் கதிரையையும் எடுத்துப்போய் அதன் பக்கத்தில் வைத்தீர்கள். பிறகு நின்றுகொண்டு எழுதத் தொடங்கினீர்கள்.

"உம்முடைய கதிரையை எடுக்கச் சொன்னது யார்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, ஐயா. நிக்கிற ஆளிட்டை இருந்துகொண்டு கேக்க எனக்குப் பழக்கமில்லை."

அன்று மாலைக்குள் மற்ற லிகிதர்களின் கதிரைகளும் பின்னறைக்குப் போய்விட்டன. நின்றுகொண்டு எழுதிய எழுத்து பெருமழைக்குப் பிந்திய மகாவலிக் கரைப் புல்லைப்போல ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. கொழும்புக்குப் போன அறிக்கையை அங்கே ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. அங்கிருந்து விளக்கம் கேட்டார்கள். மேலதிகாரி வெளியே வந்து, எவரையும் பார்க்காமல், "எல்லாக் கதிரைகளையும் போடுங்கள்" என்றார். 'எல்லா' என்ற சொல்லை நீங்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டு, முதலில் உங்கள் கைவைத்த கதிரையைத்தான் கொண்டுவந்தீர்கள். அன்று பியோன் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த கறுப்பையா இந்தக் கதையை இன்றும் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் மேலதிகாரியின் மீசை சற்று வளர்கிறது.

தவறான ஆளைத் தூக்கியவரே!

இதைச் சொல்லாமல் விட்டால் சபை எங்களை விடாது. வழியில் பேசியது வழியோடு என்பது விதிதான். ஆனால் இதை, அந்தத் தவறான ஆளான வடிவம்மா தாமே அம்பிட்டிய முழுதும் சொல்லிவிட்டபடியால் எங்கள் மேல் குற்றமில்லை.

அப்போது நான் கல்லூரி மாணவன். குழுவில் மாற்றாளாக நடந்தேன். மேற்சரிவில் ஒரு கொக்கோத் தோட்டத்து வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கடும் வயிற்றுவலி என்று ஆள் வந்தது. ஏறிப்போனோம். வாசலில் ஓர் அம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் கையமர்த்தி, "முதல்ல இருங்கோ. பிறகு சொல்லுங்கோ" என்றீர்கள். அவர் கதிரையில் இருந்தார். ஹாஷிம் நானா முன்னால் குனிந்தார், நீங்கள் பின்னால் குனிந்தீர்கள். தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

பாதி வழியில், பலாமரத் திருப்பத்தில், நீங்கள் யாழ்ப்பாணத்துப் புகையிலையைப் பற்றி மிக உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"ஏங்க, நான் எப்பங்க பேசலாம்?"

"பேசுங்கோ அம்மா, பேசுங்கோ. நோ எந்தப் பக்கம்?"

"எனக்கு நோவு ஒண்ணும் இல்லீங்க. நோவு எந் தங்கச்சிக்கு. அவ வீட்டுல கெடக்கா."

"அப்ப ஏன் அம்மா இதை முதல்லயே சொல்லேல்லை?"

"ஒக்காருன்னீங்க, ஒக்காந்தேன். பொறவு சொல்லுன்னீங்க. இதாங்க பொறவு."

ஹாஷிம் நானா கதிரையை இறக்கி வைத்துவிட்டு வரம்பில் இருந்து சிரித்தார். பிறகு சொன்னார்: "இவ்வளவு நேரம் சும்மா வந்தீங்களே, அத சென்னா என்ன?" அதற்கு வடிவம்மா, "எம் பொறப்புல என்னைய யாருங்க தூக்கியிருக்கா? திருப்பம் வரைக்கும் வந்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். திரும்ப ஏறி, தங்கையை இறக்கி, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவர் இன்றும் நலம். அன்றிலிருந்து, கதிரையில் இருப்பவரிடம் நோயாளி நீங்கள்தானா என்று முதலில் கேட்பது விதிகளோடு சேர்ந்தது.

காய்ச்சல் வருஷத்தில் களைக்காதவரே!

முப்பத்தைந்தாம் ஆண்டை இங்கே எவரும் மறக்கவில்லை. மழை பொய்த்து மகாவலி குட்டை குட்டையாகத் தேங்கியது. கரை நெடுகக் காய்ச்சல். எங்கள் வாசலில் இறப்பைப் பதிய வந்தோரின் வரிசை தெருவரை நின்றது. பகலில் அவர்களை ஒவ்வொருவராக இருத்தி எழுதினீர்கள். கந்தோர் மூடியதும் கதிரைக்குத் தண்டு கட்டினீர்கள். மடவளையில் ஹாஷிம் நானாவின் துணிக்கடையில் துணிகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள். கல்லூரி மாணவர்கள் குயினைன் கொண்டு வீடு வீடாக நடந்தார்கள்.

அன்று நடந்த மாணவர்களில் ஒருவர் பஹ்மி. இப்போது நாவலப்பிட்டிக்கு அப்பால் ஒரு சிறு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறார். வேலையில் சேர்ந்ததும் டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே தம் செலவில், வந்தவர்கள் இருக்க ஒரு வாங்கு போட்டார். எதற்கு வாங்கு என்று மேலிடம் கேட்டதாம். "தோட்டத்தால நடந்து வாற சனம், சேர். டிக்கெட்டுக்குத்தான் காசு கேக்கச் சென்னீங்க, இருக்கிறதுக்கு கேக்கச் செல்ல இல்லயே" என்றாராம். இன்று வர அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த வாங்கைப் பற்றி உங்களிடம் சொல்லும்படி சொன்னார்.

கல்லூரியில் செய்த சேவை கல்லூரியோடு முடியும் என்று எண்ணுபவர்கள் உண்டு. சான்றிதழில் ஒரு வரியாக அது நின்றுவிடும் என்பார்கள். எங்களுக்குத் தெரிந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை பழகிய கை திங்கட்கிழமை சும்மா இருக்காது. அது மேசையில் இருந்தாலும் ஜன்னலில் இருந்தாலும் துணி அளந்தாலும், வந்தவருக்கு ஓர் இருக்கை தேடும்.

ஐயா!

இந்த இடத்தில்தான் 'நான்'.

முப்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் என் மனைவி சீதாவை அந்தக் கதிரையில் இறக்கினோம். நாங்கள் அம்பிட்டிய மேற்சரிவில் குடியிருந்தோம். அவளுக்குப் பிரசவக் காய்ச்சல். குழந்தை தங்கவில்லை. காலை நேரம், தூறிக்கொண்டிருந்தது. "தம்பி, நீர் பின்னால வாரும். அவ உம்மடை முகத்தைப் பாத்துக்கொண்டு வரட்டும்" என்றீர்கள். பாதை வழுக்கியது, ஹாஷிம் நானாவுக்கு அன்று தோளில் வலி. அவற்றைக் காரணம் காட்டி நான் முன்னால் பிடித்தேன். நீங்கள் பின்னால் பிடித்தீர்கள்.

முன்னால் பிடிப்பவருக்கு நோயாளி தெரியமாட்டார். உங்கள் குரல் கேட்டது. சொற்கள் மழையில் விளங்கவில்லை. பலாமரத் திருப்பத்தில் சீதா சிரித்தாள். தெளிவாகக் கேட்டது. அந்த வாரமே அவள் போய்விட்டாள். கந்தோரில் அவள் பெயரை நீங்கள் பதிந்தீர்கள். என்னை அந்தக் கதிரையில் இருத்திவிட்டுத்தான் பதிந்தீர்கள். அன்று நீங்கள் 'பிறகு சொல்லுங்கோ' என்று சொல்லவில்லை. எனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்பதைக் கண்டீர்கள்.

அதன் பிறகும் நான் குழுவோடு நடந்தேன், எப்போதும் முன்னால். பாரம் எனக்குக் கஷ்டமில்லை. தேநீர் வேளையில் உங்கள் எதிரே இருந்து, அவள் எதற்குச் சிரித்தாள் என்று கேட்க வாய் வரும். கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. சென்ற மாதம் பின்னால் பிடிக்க ஆள் வேண்டும் என்றபோது நீங்கள் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததை நான் கவனித்தேன்.

சென்ற ஞாயிறு நீங்கள் நண்பர்களிடம் விடைபெறக் கொழும்புக்குப் போயிருந்தீர்கள். அம்பிட்டியவிலிருந்து ஆள் வந்தது. வடிவம்மாவுக்குக் கால்கள் வீங்கி மூச்சு முட்டுகிறது. ஹாஷிம் நானா கதிரைக்குத் தண்டு கட்டிக்கொண்டே, "நீங்க முன்னுக்குப் புடிங்க தம்பி. நான் பின்னுக்கு. கதெக்கத் தெரியாட்டியும் சலவாத்து ஓதிக்கிட்டாவது வாரன்" என்றார். நான் பின்னால் பிடிப்பதாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்டினார்.

வாசலில் வடிவம்மாவை இருத்தினோம். விதிப்படி, நோயாளி நீங்கள்தானா என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "இந்தவாட்டி சரியான ஆளுதாங்க. தைரியமாத் தூக்குங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்களா பின்னால? ஒங்களுக்குப் பேச வருமா சாமி?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை இங்கே சொல்லமாட்டேன். நான் சொன்னதில் ஒன்றைச் சொல்லலாம், அது என்னுடையது. சீதாவின் பெயரைச் சொன்னேன். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பலாமரத் திருப்பத்தில் பாதை செங்குத்தாக விழுகிறது. அங்கே கதிரை சாயாதிருக்கப் பின்னால் பிடிப்பவர் நன்றாகக் குனிய வேண்டும். குனியும்போது நோயாளியின் முகம் மிகவும் கிட்ட வருகிறது. இத்தனை காலம் முன்னால் நடந்த எனக்கு அது தெரியாது. அந்த இடத்தில் நாங்கள் இருவரும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் கதிரையை இறக்கியதும் ஹாஷிம் நானா வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அந்த வளைவுல ரெண்டு பேரும் என்னத்துக்குச் சிரிச்சீங்க?"

"வழியில் பேசியது வழியோடு, நானா."

அவர் தண்டுகளை அவிழ்த்தபடியே, "அப்ப சரி. பொன்னுத்துரைட கதிரைக்கு றெயில் டிக்கெட் எடுக்கத் தேவல்ல" என்றார்.

ஐயா, சீதா எதற்குச் சிரித்தாள் என்று இனிக் கேட்கமாட்டேன். அவள் சிரித்தபோது எதிரே ஒரு முகம் மிகவும் கிட்ட இருந்தது. அது உங்கள் முகம். இது எனக்குப் போதும்.

எங்கள் அன்பிற்குரியவரே!

மீண்டும் 'நாங்கள்'. கதிரை இங்கே நிற்கும். திங்கட்கிழமை காலை, உங்கள் மேசை இருந்த இடத்துக்கு முன்னால், வழக்கமான கோணத்தில் நிற்கும். வந்தவர் எவராயினும் முதலில் இருப்பார். தண்டுகள் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். பின்னால் பிடிக்க ஆள் இருக்கிறது. முன்னால் பிடிக்க, ஹாஷிம் நானாவின் தோள் தேயும் நாளுக்காக, கறுப்பையா இப்போதே பழகுகிறார். அவரும் பேசத்தான் விரும்புகிறார்; முறை வரட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. உங்கள் முழங்கால்களுக்கு அது நல்லது. காலையில் வெயில் ஏறுமுன் நடங்கள். மாலையில் நிழலில் இருங்கள். உங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, நோயின்றி, குறையின்றி, நாங்கள் எல்லோரும் ஓய்வு பெற்று உங்களைப் பார்க்க வரும் காலம்வரை, அதற்கு அப்பாலும், இருங்கள். எங்களிடம் நீங்கள் சொன்ன சொல்லைத்தான் உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறோம்: முதல்ல இருங்கோ. மற்றவை பிறகு.

வடிவம்மா தேறிவருகிறார். நேற்று அவரைப் பார்க்கப் போனபோது உங்களுக்கு ஒரு செய்தி சொன்னார். அது வழியில் சொன்னதல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொன்னது. ஆகவே சபையில் சொல்லலாம்.

"ஐயா ஊருல மேடு பள்ளம் இல்லைன்னு சொன்னாங்க. இருந்தாலும் அவருக்கு ஒண்ணுன்னா சொல்லி அனுப்பச் சொல்லுங்க. இங்க கதிரையும் இருக்கு, ஆளும் இருக்கு. நான் கூட நடந்து வந்து பேசுறேன்."

இங்ஙனம்,
கதிரையை ஏற்றுக்கொண்டு,
தங்கள் அன்பு மாறாத
மலைச்சரிவுப் பகுதிப் பதிவுக் கந்தோர் ஊழியர்கள்.

கண்டி, 1938 ஆனி.